அம்பத்தூர் ட்ரை ஐஸ்காரர்கள்: ஐஸ் நயம், கணக்கு சுமார்

கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் புகைக்கு நடுவே நடந்து வருவதற்காக ட்ரை ஐஸ் (உறைய வைத்த கரியமில வாயு; தண்ணீராகாமல் நேராக வாயுவாகிக் கரைந்துபோகும்) தேடுகிறீர்கள் என்றால் இந்த மதிப்புரை உங்களுக்கு உதவாது. அதற்கு எந்தக் கடையும் போதும். இது உறைந்த சரக்கை விமானத்தில் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு: லேப்காரர்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், அவர்களுக்காக மீனம்பாக்கத்துக்கும் ஆபீசுக்கும் அலைகிற ஃபார்வர்டர்கள், அதாவது சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டுகள்.

நான் பெருங்குடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் அனுப்பும் பொறுப்பில் இருக்கிறேன். மருந்துச் சோதனைக்காக எடுத்த ரத்தப் பிளாஸ்மாவை மைனஸ் 80 ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கி, சிங்கப்பூரில் இருக்கும் மையக் கூடத்துக்கு அது உறைந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டது என்ற மெயில் வரும்வரை கவலைப்படுவது என் வேலை. இதற்கு ஐஸ் கொடுப்பவர்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன நிறுவனம். பெயரைப் போடவில்லை. எங்கள் பர்ச்சேஸ் துறைக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது; நடுவில் நான் எதற்கு வில்லியாக வேண்டும்?

அவர்கள் வெறும் ஐஸ் மட்டும் விற்பதில்லை. சரக்கு என்ன, எங்கே போகிறது என்று சொன்னால் எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். தெர்மோகோல் பெட்டியும் அட்டைப் பெட்டியும் கொண்டுவருவார்கள். ஆள் வந்து கட்டி, ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். எல்லாம் சேர்த்து ஒரே பில். ஐஸுக்குத் தாராளமாக ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். பெட்டி கட்டுவதற்கு நாலு. கணக்குக்கு இரண்டுதான், அதுவும் கேட்டால் திருத்திக்கொள்கிறார்கள் என்பதற்காக.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்ற கடைகளும் பெரும்பாலும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் அனுப்புவார்கள். பயண நேரத்தைப் போட்டால், மணிக்கு 2 சதவீதம் ஐஸ் கரையும் என்று வைத்து, இத்தனை கிலோ போதும் என்று ஒரு எண் வரும். சிங்கப்பூருக்கு எங்கள் பெட்டிக்கு வந்த எண் 8 கிலோ. 24 மணி நேரம் ஆனாலும் பாதி மீதம் இருக்கும் என்று கீழே பச்சை நிறத்தில் ஒரு வரி வேறு.

"மேடம், பறக்கிறது நாலு மணி நேரம். எட்டு கிலோ தாராளம்" என்றார் போனில் பேசியவர்.

"பறக்கிற நாலு மணி நேரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை சார், காத்திருக்கிற இருபது மணி நேரத்துக்குத்தான் ஐஸ் கேட்கிறேன்" என்றேன்.

காத்திருப்பது என்றால் என்ன என்று விவரமாகச் சொன்னால்தான் புரியும். பெட்டியை மதியம் ஒரு மணிக்குக் கட்டி முடிக்கிறோம். இரண்டரைக்கு வண்டி வருகிறது. ஓ.எம்.ஆரில் சிக்னல்களைத் தாண்டி மீனம்பாக்கம் கார்கோ வளாகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. அங்கே காகிதம் சரிபார்ப்பு, எடை, எக்ஸ்ரே, ஷிப்பிங் பில், கஸ்டம்ஸ். விமானம் ராத்திரி பதினொன்றரை வாக்கில். அங்கே இறங்கும்போது நம் கடிகாரத்தில் அதிகாலை மூன்றரை, சிங்கப்பூரில் ஆறு. கிளியரன்ஸ் முடிந்து, லேபில் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பெட்டியைத் திறக்கும்போது அவர்களுக்கு மதியம் மூன்று. ஒரு நாள் முழுசாகப் போய்விட்டது. இதில் ஆகாயத்தில் இருந்தது ஆறில் ஒரு பங்கு. இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஆஃப்லோடு ஆனால், அதாவது பெட்டியை ஏற்றாமல் விட்டுவிட்டால், அடுத்த விமானம் அடுத்த ராத்திரிதான்.

சரி, நேரத்தைத் திருத்தி 48 மணி என்று போட்டுவிட்டால் எக்செல் சரியாகிவிடுமா? ஆகாது. கோளாறு அந்த 2 சதவீதத்தில் இருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். விமானத்துக்குள் கரியமில வாயு எவ்வளவு சேரும், ஆட்களுக்கு ஆபத்து வருமா என்று பார்க்கும் பாதுகாப்புக் கணக்கில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. பக்கம் புழங்கிய எண் அது. வாயு எவ்வளவு வரும் என்று பார்க்க அது உதவும். சாம்பிள் உறைந்து இருக்குமா என்று பார்க்க உதவாது. ஐஸ் எத்தனை கிலோ இருக்கிறது என்பது வெளியிலிருந்து வரும் சூட்டுக்குத் தெரியாதே! பெட்டியின் சுவர் எவ்வளவு சூட்டை உள்ளே விடுகிறதோ அதற்கு ஏற்ற ஐஸ் போகும். உள்ளே 18 கிலோ இருந்தாலும் 8 கிலோ இருந்தாலும் மணிக்குப் போகிற அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதை வாயால் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதனால் பெட்டியைத் தராசில் ஏற்றினோம். எங்களிடம் இருக்கிற பெட்டி உள்ளளவு 30 சென்டிமீட்டர் கனசதுரம், தெர்மோகோல் சுவர் 5 சென்டிமீட்டர் கனம், வெளியளவு 40. முழுக்கப் பெல்லட் (சின்னச் சின்ன உருளைத் துண்டுகளாக வரும் ட்ரை ஐஸ்) கொட்டி, ஏசி அறையில் 24 டிகிரியில், பத்து கிராம் துல்லியம் காட்டுகிற தராசின் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவ்வப்போது எடையைக் குறித்தோம். மணிக்கு 250 கிராம் சுமாராகக் குறைந்துகொண்டே வந்தது. எண் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் பதினைந்து நொடிக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் போகிறது. தராசில் ஒரு இலக்கம் இறங்க இரண்டரை நிமிடம். மூடியின் ஓரத்தில் வெண்மையாக ஒரு கோடு பூத்திருந்தது. குளிர்ந்த வாயு கசிந்து வெளியேறும் இடத்தில் காற்றிலிருக்கும் ஈரம் உறைந்த கோடு அது. சுவர்கள் வியர்க்கக்கூட இல்லை, மூடி பொருந்தும் இடம் மட்டும் உறைபனி.

காகிதத்தில் போட்டுப் பார்த்தாலும் இதே எண்தான் வருகிறது. ஒரு கிலோ ட்ரை ஐஸ் வாயுவாக மாற ஏறக்குறைய 570 கிலோஜூல் வெப்பம் தேவை. மணிக்கு 250 கிராம் என்றால் சுவர் வழியாக 40 வாட் அளவுக்குச் சூடு உள்ளே வருகிறது. பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்குள் எரிய விட்டிருப்பது போல வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 6 கிலோ ஐஸை அந்த பல்பு தின்றுவிடும். 8 கிலோ போட்டிருந்தால் சிங்கப்பூரில் திறக்கும்போது மிச்சம் 2 கிலோ, பெட்டியின் அடியில். எக்செல் சொன்ன 4 கிலோ இல்லை. ஒரு விமானம் தவறினால் ஐஸே இல்லை.

அடியில் இருக்கும் அந்த 2 கிலோவை நம்பவும் முடியாது. மேல் அடுக்கில் இருக்கும் குப்பிகளுக்கு மேலே ஐஸ் இல்லையென்றால் அவை மைனஸ் 78-இல் இருக்காது. ஐஸ் அடியில் மிச்சம் இருக்கும்போதே மேல் அடுக்கின் சூடு ஏறிவிடும். அதனால் பெட்டி சேரும்போது குறைந்தது 5 கிலோ மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் கட்டுப்பாடு. வழக்கமான ஒரு நாளுக்கு 6, விமானம் தவறினால் இன்னொரு 6, மிச்சம் 5. ஆக 17. பெட்டியில் சாம்பிள் அடைக்கும் இடம் போக மீதி 21, 22 லிட்டர். பெல்லட் லிட்டருக்கு 800 முதல் 900 கிராம் வரை பிடிக்கும். அதாவது 18 கிலோ கொட்டினால் பெட்டி நிரம்பிவிடும். கணக்கெல்லாம் போட்டு முடித்தால் வருகிற விடை, பெட்டியை நிரப்பு என்பதுதான். காலி இடம் விட்டு அனுப்பினால் அந்த இடத்தில் காற்று சுற்றிச்சுற்றி வந்து சூட்டைக் கொண்டுவரும், அது தனித் தொல்லை.

எக்செல்லில் இன்னொரு வரி "கோடைக்காலம்: 50 சதவீதம் கூடுதல்". சென்னை வெயிலைப் பார்த்துப் பயந்து யாரோ சேர்த்தது. இதுவும் சரியில்லை. ஐஸ் இருப்பது மைனஸ் 78.5 டிகிரியில். வெளியே 24 டிகிரி என்றால் வித்தியாசம் 102. மே மாத நிழலில் 38 என்றால் 116. பதினாலு சதவீதம்தான் கூடுகிறது. நமக்கு உயிர் போகிற வெயில், ஐஸுக்கு அத்தனை பெரிய விஷயம் இல்லை. நேர் வெயிலில் டிராலியில் பெட்டி நின்றால் கதை வேறு: அட்டையின் மேல் பரப்பு 60 டிகிரி வரை போனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கரையும். ஆனால் அது நிற்கிற நேரம் வரைக்கும்தான். வெயிலுக்குப் பயந்து ஐஸைக் கூட்டுகிறவர்கள், அதே பணத்தில் தடிமனான பெட்டி வாங்கலாம்.

பெட்டியைப் பற்றி இவர்கள் தானாக வாயைத் திறக்கவே இல்லை என்பதுதான் என் பெரிய குறை. 7.5 சென்டிமீட்டர் சுவர் உள்ள பெட்டியும் அவர்களிடம் இருக்கிறது. நான் கேட்ட பிறகுதான் எடுத்துக் காட்டினார்கள். அதில் மணிக்கு 190 கிராம்தான் போகிறது, கால் பங்கு மிச்சம். பெட்டி பெரிதானால் விமானக் கூலி ஏறுமே என்று முதலில் எங்கள் அக்கவுண்ட்ஸ் முகம் சுளித்தது. ஏர் கார்கோவில் கன அளவை 6000-ஆல் வகுத்து வரும் எடையையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கூலி. 40 சென்டிமீட்டர் பெட்டிக்குக் கன எடை 10.7 கிலோ, 45 சென்டிமீட்டர் பெட்டிக்கு 15.2. நிஜ எடையோ ஐஸும் சரக்கும் பெட்டியும் சேர்ந்து 24 கிலோவைத் தொடுகிறது. அதனால் பெரிய பெட்டிக்குக் கூலி ஒரு பைசா ஏறுவதில்லை. போகிற வழியில் காற்றோடு கலந்துவிடுகிற பொருளுக்குக் கிளம்பும் இடத்தில் எடை போட்டுக் கூலி வாங்குகிறார்களே என்ற என் வயிற்றெரிச்சலைத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

சுவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, 2020 கடைசியில் ஃபைசர் தடுப்பூசி அனுப்பிய பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதில் போட்டது 23 கிலோ பெல்லட். திறக்காமல் வைத்தால் 10 நாள் வரை தாங்கும் என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டே கால் கிலோ. எங்கள் தெர்மோகோல் பெட்டியில் அதே 23 கிலோ போட இடம் இருந்தாலும் நாலு நாளைத் தாண்டாது. ஐஸ் ஒன்றேதான், பெட்டிதான் வேறு. எங்களைப் போல ஒரு நாள் பயணத்துக்கு அவ்வளவு விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. பிரேசிலுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ அனுப்புகிறவர்கள் தெர்மோகோலைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது. வழியில் ஐஸ் நிரப்பித் தரும் கூரியரையோ நல்ல பெட்டியையோ பார்க்க வேண்டும்.

சரக்கின் சூட்டையும் அவர்கள் எக்செல் கேட்பதில்லை. எங்கள் சாம்பிள் மைனஸ் 80-இல் இருந்து நேராகப் பெட்டிக்குப் போவதால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் உறையாத சரக்கை வைத்துவிட்டு வழியில் உறைந்துகொள்ளும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர்ச் சரக்கு ஒரு கிலோவை ட்ரை ஐஸ் குளிருக்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் போய்விடும். மைனஸ் 20 ஃப்ரீசரில் இருந்ததை வைத்தால் கிலோவுக்கு 200 கிராம்தான். முதல் நாள் ராத்திரியே சரக்கை உறைய வைத்துவிடுங்கள், அதைக் குளிர்விக்கப் போகிற ஐஸ் ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

இனி ஐஸ். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. பெல்லட் 16 மில்லிமீட்டர் சைஸில், கெட்டியாக, கையுறையோடு அள்ளினால் சலசலவென்று விழும். நொறுங்கிய தூள் குறைவு. சில கடைகளில் இயந்திரம் சுத்தம் செய்யும் 3 மில்லிமீட்டர் அரிசிப் பெல்லட்டைக் கார்கோவுக்கும் தள்ளிவிடுவார்கள். அது இடுக்கெல்லாம் நன்றாக நிறையும், ஆனால் பரப்பு அதிகம், கையாளும்போதே சீக்கிரம் போகும். இவர்கள் அந்த வேலை செய்வதில்லை. ஸ்லாப், அதாவது பலகை மாதிரிக் கட்டி, வேண்டுமென்றாலும் கிடைக்கும். அடியில் ஒரு ஸ்லாப், சுற்றிலும் மேலேயும் பெல்லட் என்று கலந்து கட்டினால் நன்றாக நிற்கிறது. அன்று காலையில் அடித்த ஐஸ்தான் வருகிறது என்பதைப் பெல்லட்டின் மேல் உறைபனி படியாமல் இருப்பதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பழைய பெல்லட் என்றால் மேலே காற்றின் ஈரம் படிந்து மங்கலாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருக்கும்.

அந்த ஒரு குறை எடை. அம்பத்தூரில் தராசில் போட்ட கிலோவுக்குத்தான் பில். குட்டியானையில் ஏற்றி, பாடி, கோயம்பேடு, கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து பெருங்குடிக்கு வரும்போது 40 கிலோ முப்பத்தேழரை ஆகியிருக்கும். வழியில் இன்னொரு வாடிக்கையாளருக்கு இறக்க மூடியைத் திறந்திருந்தால் இன்னும் குறையும். இதைப் பேசியே ஆக வேண்டியிருந்தது. இப்போது எங்கள் வாசலில் எங்கள் தராசில் எடை போட்டு, அந்த எண்ணைச் சலானில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பில். ஓட்டிவரும் தம்பி முதலில் முறைத்தான். அப்புறம் அவனே தராசைத் தூக்கி வைக்க ஆரம்பித்துவிட்டான். வாங்குகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காதவர்களுக்கு யாரும் செய்ய மாட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலமே இறக்கிவிட்டுப் போகிறேன் என்பார்கள், அவர்களுக்கு வண்டி வசதி. ஒத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி முழுக்க அது உங்கள் செலவில் கரையும். ஃப்ரீசரில் வைத்தால் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மைனஸ் 20 ஃப்ரீசர் ட்ரை ஐஸுக்கு அடுப்பங்கரைதான். மூடிய ஃப்ரீசருக்குள் வாயு சேர்வதும் நல்லதல்ல.

பெட்டி கட்டும் ஆள் கெட்டிக்காரர். குப்பிகள் இருக்கும் கசியாத உறைக்கு வெளியேதான் ஐஸ் இருக்க வேண்டும், ஐஸ் கரைந்த பிறகும் உள்ளிருக்கும் சரக்கு ஆடாமல் நிற்கத் தாங்கு வைக்க வேண்டும் என்பதெல்லாம் நாம் சொல்லாமலே செய்கிறார். அட்டைத் துண்டுகளை மடித்து நாலு மூலையிலும் கால் மாதிரி நிறுத்தி, அதன் நடுவே சாம்பிள் உறையை உட்கார வைக்கும் வேகம் பார்க்க அழகு. தெர்மோகோல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவதே இல்லை. வெளி அட்டைக்கு மட்டும் எச் வடிவில் டேப், வாயு வெளியேற இடுக்கு விட்டு. ஒரு கிலோ ட்ரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் வாயுவாகிறது. 18 கிலோவை இறுக்கி மூடினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம்.

ஸ்டிக்கர் விஷயத்தில் ஒருமுறை சிக்கல். ட்ரை ஐஸுக்கான கிளாஸ் 9 அபாயச் சரக்கு ஸ்டிக்கர், மேல் பாதியில் கறுப்புக் கோடு போட்ட சாய்சதுரம், அதை ஒட்டும் பக்கத்தில் முகவரிகளும் சாம்பிளுக்கான யு.என். 3373 சாய்சதுரமும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இதைப் பெட்டியின் விளிம்பில் பாதி மடித்து ஒட்டிவிட்டான் புதிதாக வந்த பையன் ஒருவன். கார்கோவில் செக்லிஸ்ட் வைத்துப் பார்ப்பவர் ஏற்கவில்லை. ஸ்டிக்கர் ஒரே பக்கத்தில் முழுதாகத் தெரிய வேண்டும், ஏற்காதவர் செய்தது சரிதான். ஃபார்வர்டரின் பையில் உபரி ஸ்டிக்கர் இருந்ததால், சரக்கு வாங்கும் கடைசி நேரத்துக்குள் முடிந்தது. அதற்குப் பிறகு கட்டி முடித்த பெட்டியின் ஆறு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

பெட்டியில் எழுதும் ஐஸ் எடையும் ஏர்வே பில்லில் (விமானச் சரக்குக்கான ரசீதில்) இருக்கும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யு.என். 1845 (ட்ரை ஐஸின் அபாயச் சரக்கு எண்), ட்ரை ஐஸ், இத்தனை பெட்டி, ஒவ்வொன்றிலும் இத்தனை கிலோ. சரக்கு அபாய வகையில் வராதது என்றால் தனியாக அபாயச் சரக்கு அறிக்கை வேண்டியதில்லை, இந்த வரி ஏர்வே பில்லில் இருந்தால் போதும். ஒரு பெட்டிக்கு 200 கிலோ வரை அனுமதி, நம்மைப் போன்றவர்கள் அதன் பக்கமே போக மாட்டோம். ஆனால் விமானத்துக்கு மொத்தம் எத்தனை கிலோ என்று ஒவ்வொரு நிறுவனமும் விமானத்தின் வகையைப் பார்த்து வரம்பு வைத்திருக்கிறது. 2020 நவம்பரில் தடுப்பூசி ஏற்றுவதற்காக யுனைடெட் ஏர்லைன்ஸ் ஒரு விமானத்துக்கு 3,000 பவுண்டாக இருந்த அளவை 15,000 பவுண்டாக உயர்த்த அனுமதி வாங்கியது செய்தியில் வந்தது. நமக்கு வருகிற நடைமுறைத் தொல்லை இதுதான்: அன்றைக்கு அதே விமானத்தில் இன்னொருவர் நிறைய ஐஸோடு அனுப்பினால், அல்லது யாரோ வெளிநாடு குடிபோகிறவரின் நாய்க்குட்டி அதே சரக்கு அறையில் போனால் (அதற்கு இந்த வாயு ஆகாது), நம் பெட்டி கீழே நிற்கும். அதனால் புக்கிங் போடும்போதே ஐஸ் எடையைச் சொல்லிவிட வேண்டும். எக்செல்லை நம்பி 8 கிலோ என்று புக் செய்துவிட்டு 18 கிலோவோடு போய் நின்றால் கவுண்ட்டரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். என் கணக்குச் சண்டைக்குப் பாதிக் காரணம் இதுதான். ஐஸ் எண் காலையிலேயே சரியாக இருந்தால்தான் சாயங்காலம் விமானத்தில் இடம்.

வழி நெடுக வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகரும் தருகிறார்கள், வாடகைக்கு. முதலில் கொண்டுவந்தது மைனஸ் 30 வரை மட்டுமே அளக்கிற, மாத்திரைப் பெட்டிகளுக்குப் போடுகிற வகை. ட்ரை ஐஸுக்கு ஒயரில் தொங்கும் சென்சார் உள்ளேயும் கருவி வெளியேயும் இருக்கிற வகை வேண்டும், இல்லையென்றால் பேட்டரி படுத்துவிடும். கேட்ட பிறகு அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் சொந்தமாக வைத்திருப்பதால் வாடகைக்கு எடுப்பதில்லை.

பாதுகாப்பில் இவர்களைப் பாராட்ட வேண்டும். வண்டியில் ஐஸ் பெட்டி ஓட்டுநர் கேபினுக்குள் ஒருபோதும் வருவதில்லை. மழை கொட்டினாலும் ஜன்னல் கொஞ்சம் இறங்கியே இருக்கும். எங்கள் கட்டடத்தில் லிஃப்டில் ஐஸை மட்டும் மேலே அனுப்பிவிட்டு ஆள் படியில் ஏறி வருவார். முதல் தடவை பார்த்த செக்யூரிட்டி அண்ணன் அந்தத் தம்பிக்கு லிஃப்ட் என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டார். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடைத்த இடத்தில் கீழே தேங்கும், ஆள் மயங்கிவிழும் அபாயம் உண்டு என்று அவருக்கு விளக்கியதே அந்தத் தம்பிதான். பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

விலை கிலோவுக்கு நூறு ரூபாய்க்குள் வருகிறது, வண்டி வாடகை தனி. ஊரில் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கும், ஆனால் நேரத்துக்கு வருவார்களா என்பது வேறு கேள்வி. 18 கிலோவுக்கும் 8 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் ரூபாய், விமானக் கூலியோடு சேர்த்தால் இன்னும் சில ஆயிரம். மாதக்கணக்கில் நோயாளிகளிடமிருந்து எடுத்த சாம்பிளுக்கு முன்னால் அது ஒரு தொகையே இல்லை என்று பர்ச்சேஸுக்கு எழுதி அனுமதி வாங்கிவிட்டேன்.

எக்செல்லை இப்போது மாற்றியிருக்கிறார்கள். சதவீதம் போய், பெட்டி வகைக்கு ஒரு எண், மணிக்கு இத்தனை கிராம் என்று வந்துவிட்டது. எங்கள் தராசில் எடுத்த எண்களைத்தான் வைத்திருக்கிறார்கள், கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள், பரவாயில்லை. கோடைக்கால 50 சதவீதம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. உங்கள் பெட்டி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அவர்கள் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெட்டியை நிரப்பி ஒரு பகல் தராசில் வையுங்கள், ஒரே நாளில் விடை கிடைத்துவிடும்.

ஆர்டரை முதல் நாள் மதியம் மூன்று மணிக்குள் சொல்லிவிட்டால் மறுநாள் காலை பதினொன்றுக்குள் ஐஸ் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் எடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பெட்டி கட்டி அனுப்பும் தைரியம் உள்ளவர்கள், திரும்பி வந்த பெட்டிக்கு ஐஸ் நிரப்ப இன்னொரு கடையின் நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்.